கடை ஒரு கம்பெனி, ஆப் இன்னொரு கம்பெனி: பிரித்தால் யாருக்கு லாபம்?

ஆப்பில் ஒரு சட்டை ஆர்டர் செய்கிறீர்கள். வீட்டுக்கு வருகிறது. போட்டுப் பார்த்தால் தோள் இறுக்கம். மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் அதே பெயர்ப் பலகை தொங்கும் கடைக்குள் நுழைந்து, கவுன்ட்டரில் சட்டையைக் கொடுத்துவிட்டு, அடுத்த சைஸை வாங்கிக்கொண்டு கிளம்புகிறீர்கள். ஐந்து நிமிட வேலை.

இப்போது ஒரு கேள்வி. அந்த ஆப் ஒரு கம்பெனி, அந்தக் கடை வேறொரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சட்டையைத் திரும்ப வாங்கி, மடித்து, அலமாரியில் வைத்த ஊழியரின் சம்பளம் யார் கணக்கில் போகும்? சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த நீங்கள் போகிற போக்கில் ஒரு பெல்ட்டும் வாங்கினீர்களே, அந்த லாபம் யாருக்கு?

சின்னக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அமெரிக்காவின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் 2021-லும் 2022-லும் பல நூறு கோடி டாலர் பெறுமானமுள்ள சண்டை ஒன்று நடந்தது. அதன் மையத்தில் இருந்தது இந்தக் கேள்விதான். 'ஆன்லைன் பிசினஸைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், பங்கு விலை எங்கேயோ போகும்' என்று ஒரு பக்கம் முதலீட்டாளர்கள் நெருக்கினார்கள். ஒரு நிறுவனம் அதற்கு முன்பே தானாகப் பிரித்திருந்தது. இன்னொன்று ஆராய்ந்து பார்த்துவிட்டு மறுத்தது. இரண்டுக்கும் பிறகு என்ன ஆனது என்பது இன்று நமக்குத் தெரியும்.

'பிரிப்பது' என்றால் என்ன?

நம் ஊரில் ஷேர் வைத்திருப்பவர்களுக்கு டிமெர்ஜர் பழக்கமான சொல். 2023-ல் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது, ரிலையன்ஸ் பங்கு ஒன்று வைத்திருந்தவருக்கு ஜியோ ஃபைனான்ஷியல் பங்கு ஒன்று வந்தது. 2025 ஜனவரியில் ஐடிசி ஹோட்டல்ஸ் பிரிந்தபோது, 10 ஐடிசி பங்குக்கு ஒன்று. நாம் எதுவும் செய்யாமலே டிமேட் கணக்கில் புதிய பங்கு வந்து உட்கார்ந்தது.

இது ஒரு வகை. இன்னொரு வகையில் பழைய பங்குதாரர்களுக்குப் புதிய பங்கு எதுவும் வராது. கம்பெனி தன் ஒரு பகுதியைத் தனி நிறுவனமாக்கி, அதில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்றுப் பணம் வாங்கும். பிறகு அந்தத் தனி நிறுவனத்தை ஐபிஓ மூலம் சந்தைக்குக் கொண்டுவரலாம்.

சிகரெட்டும் ஹோட்டலும் வேறு வேறு தொழில். ஒன்றின் வாடிக்கையாளரை நம்பி இன்னொன்று ஓடவில்லை. அதனால் பிரிப்பது சுலபம். ஒரே துணியை, ஒரே பெயரில், ஒரே வாடிக்கையாளருக்கு விற்கும் கடையையும் வெப்சைட்டையும் பிரிப்பது அப்படிப்பட்டதா? விவாதமே அங்கேதான்.

சாக்ஸ் போட்ட பிள்ளையார் சுழி

நியூயார்க்கில் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ என்றால் ஆடம்பரத்தின் மறுபெயர். 2021-ல் அதன் உரிமையாளராக இருந்தது, கனடாவைச் சேர்ந்த எச்பிசி என்கிற ஹட்சன்ஸ் பே கம்பெனி. கொரோனாவால் கடைகள் காற்று வாங்க, ஆன்லைன் விற்பனை பறந்துகொண்டிருந்த நேரம். 2021 மார்ச்சில் எச்பிசி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சாக்ஸின் வெப்சைட் இனி ஒரு தனிக் கம்பெனி. அதில் இன்சைட் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 50 கோடி டாலர் போடுகிறது. அந்த ஆன்லைன் கம்பெனியின் மதிப்பு 200 கோடி டாலர்.

அமெரிக்காவில் இருந்த சுமார் 40 கடைகள் வேறொரு கம்பெனியாக எச்பிசி கையிலேயே இருந்தன. என்ன சரக்கு வாங்குவது, எப்படி விளம்பரம் செய்வது என்பதை ஆன்லைன் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கடைகள் ரிட்டர்ன் வாங்கும், சைஸ் மாற்றித் தரும், ஆல்டரேஷன் செய்து தரும். இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் ஒப்பந்தம். வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது என்றார்கள்.

எச்பிசி அத்துடன் நிற்கவில்லை. அதே ஆண்டு தள்ளுபடி விலைக் கடையான சாக்ஸ் ஆஃப் ஃபிஃப்த்தையும் இதே பாணியில் பிரித்தது. ஆகஸ்டில் கனடாவின் ஹட்சன்ஸ் பே கடைகளும் அவற்றின் ஆன்லைன் தளமும் தனித்தனி ஆயின. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: 2020 மார்ச்சிலேயே எச்பிசி பங்குச் சந்தையிலிருந்து விலகிவிட்டது. சின்ன முதலீட்டாளர்கள் கேள்வி கேட்க வாய்ப்பே இல்லாத நேரத்தில் நடந்த பிரிப்பு இது.

ஒரே விற்பனை, இரண்டு விலை

சாக்ஸ் ஆன்லைனின் ஆண்டு விற்பனை அப்போது சுமார் 100 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. மதிப்பு 200 கோடி. அதாவது விற்பனையைப் போல் இரண்டு மடங்கு.

வால் ஸ்ட்ரீட்டில் பலர் இதைப் பார்த்தார்கள். உடனே பக்கத்துக் கடையைப் பார்த்தார்கள்.

மேசிஸ். அமெரிக்காவின் மிகப் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். 2021-ல் மொத்த விற்பனை சுமார் 2,450 கோடி டாலர். ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை அந்த முழு நிறுவனத்துக்கும் போட்ட மதிப்பு சுமார் 700 கோடி டாலர்தான். விற்பனையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அங்கே நுழைந்தது ஜானா பார்ட்னர்ஸ். கம்பெனியில் கொஞ்சம் பங்கு வாங்கி, பிறகு 'இப்படி மாற்று, அப்படி மாற்று' என்று நிர்வாகத்தை நெருக்கும் ஹெட்ஜ் ஃபண்டுகளை ஆக்டிவிஸ்ட் முதலீட்டாளர்கள் என்பார்கள். ஜானா அந்த ரகம். 2017-ல் ஹோல் ஃபுட்ஸ் பங்குகளை வாங்கி அது இப்படி நெருக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே, அமேசான் 1,370 கோடி டாலருக்கு ஹோல் ஃபுட்ஸை வாங்கும் ஒப்பந்தம் வந்தது. அந்தப் பெயர் இருந்ததால் மேசிஸ் நிர்வாகம் அதன் கடிதத்தைக் குப்பையில் போட முடியாது.

ஜானா சொன்னது இதுதான்: மேசிஸின் ஆன்லைன் வியாபாரம் தனியாக நின்றால் மட்டும் 1,400 கோடி டாலர் பெறும். முழுக் கம்பெனியின் அன்றைய மதிப்பைப் போல் இரண்டு மடங்கு!

டிசம்பரில் கோல்ஸ் நிறுவனத்துக்கும் இதே மாதிரி ஒரு கடிதம். அனுப்பியது எஞ்சின் கேப்பிட்டல். ஆன்லைன் விற்பனை 620 கோடி டாலர், அதை இரண்டால் பெருக்கு, 1,240 கோடி. இரண்டு மடங்கு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஒரு நிமிடம் இந்தக் கணக்கில் நில்லுங்கள். மேசிஸின் ஆன்லைன் மட்டும் 1,400 கோடி என்றால், ஆன்லைனும் கடைகளும் சேர்ந்த முழு மேசிஸ் 700 கோடி என்றால், கடைகளின் மதிப்பு என்ன? மைனஸ் 700 கோடி. நியூயார்க் ஹெரால்ட் ஸ்கொயரில் இருக்கும் அந்தப் பிரம்மாண்டக் கட்டடம் உட்பட எல்லாக் கடைகளையும் ஒருவர் இலவசமாக எடுத்துக்கொள்வதற்கு, மேலே 700 கோடி டாலர் அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

இதற்கு இரண்டே விளக்கம்தான். ஒன்று, சந்தைக்குக் கண் தெரியவில்லை. இல்லையென்றால் அந்த 1,400 கோடியில் யாரோ சில செலவுகளைச் சேர்க்க மறந்திருக்கிறார்கள்.

பிரிக்கச் சொன்னவர்கள் முட்டாள்களா?

இல்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதைக் கேட்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

முதல் வாதம் பணம். ஆன்லைனில் வளர்வதற்கு கிடங்கு, டெக்னாலஜி, டெலிவரி என்று தொடர்ந்து கொட்ட வேண்டும். டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பங்குதாரர்கள் ஒவ்வொரு காலாண்டும் லாபமும் டிவிடெண்டும் எதிர்பார்ப்பவர்கள். 'ஐந்து வருஷம் லாபம் கேட்காதீங்க' என்று அவர்களிடம் சொல்ல முடியாது. டெக் கம்பெனிகளில் முதலீடு செய்பவர்களிடம் சொல்லலாம். தனிக் கம்பெனியாக இருந்தால் அந்தப் பணத்தைத் தனியாகத் திரட்டலாம்.

இரண்டாவது ஆள் பிடிப்பது. நல்ல இன்ஜினீயர் ஒருவருக்கு பழைய துணிக்கடையின் ஸ்டாக் ஆப்ஷனைக் காட்டினால் அவர் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். ஐபிஓ போகப்போகும் ஆன்லைன் கம்பெனியின் ஆப்ஷன் என்றால் கதை வேறு. ஐடி வேலையில் இருக்கும் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கவனம். ஒரே நிர்வாகம் இரண்டையும் பார்க்கும்போது, கடை மேலாளர்களின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும், ஆன்லைன் எப்போதும் மாற்றாந்தாய்ப் பிள்ளை என்பது இவர்கள் வாதம். அது பல பழைய நிறுவனங்களில் உண்மையாகவும் இருந்தது.

மூன்றும் சரியான பிரச்சினைகள்தான். ஆனால் மூன்றுமே நிர்வாகத்தின் பிரச்சினைகள். அவற்றைத் தீர்க்கக் கம்பெனியையே இரண்டாக வெட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மேசிஸ் ஏன் வேண்டாம் என்றது?

மேசிஸ் அவசரப்படவில்லை. அலிக்ஸ்பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தை வைத்து ஆராய்ந்தது. 2022 பிப்ரவரியில் முடிவை அறிவித்தது: பிரிக்கப் போவதில்லை. பிரிப்பதற்கு ஆகும் செலவு அதிகம், பிரித்த பிறகு இரண்டு கம்பெனிகளையும் தனித்தனியாக நடத்தும் செலவு தொடர்ந்து இருக்கும், வாடிக்கையாளருக்குப் பாதிப்பு வரும் அபாயமும் உண்டு. இவைதான் காரணங்கள். அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜெஃப் ஜெனட், ஒன்றாக இருக்கும்போதுதான் நிறுவனத்துக்கு மதிப்பு அதிகம் என்ற முடிவில் உறுதியாக நின்றார்.

கார்ப்பரேட் மொழியை விலக்கிவிட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. கடை இருக்கும் ஊரில் அந்தக் கடையின் வெப்சைட்டிலும் விற்பனை கூடுகிறது. கடையை மூடினால் அந்தப் பகுதியில் ஆன்லைன் விற்பனையும் இறங்குகிறது. தினமும் கண்ணில் படும் கடையே ஒரு விளம்பரப் பலகை. திருப்பிக் கொடுக்க இடம் இருக்கிறது என்ற தைரியம்தான் பலரை 'பை' பட்டனை அழுத்த வைக்கிறது.

டார்கெட் இதற்கு நல்ல உதாரணம். கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், அதன் மொத்த விற்பனையில் 95 சதவீதத்துக்கும் மேல் கடைகள் வழியாகத்தான் வாடிக்கையாளர் கைக்குப் போகிறது. கடையே கிடங்கு, கடை ஊழியரே பேக்கிங் ஆள். இப்படிப்பட்ட நிறுவனத்தில் 'ஆன்லைன்' என்று தனியாக எதை வெட்டி எடுப்பீர்கள்? வெப்சைட்டையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுக்கலாம். வாடகை, மின் கட்டணம், ஊழியர் சம்பளம் எல்லாம் கடையிலேயே தங்கிவிடும். அந்த 1,400 கோடியில் சேர்க்க மறந்த செலவு இதுதான்.

இருபது வருஷத்துக்கு முன்பே நடந்த படம்

இந்த யோசனை 2021-ல் பிறந்தது என்று நினைத்தால் தப்பு. டாட்காம் காலத்தில் எல்லோரும் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள்.

புத்தகக் கடை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள், தன் வெப்சைட்டைத் தனிக் கம்பெனியாக்கி 1999 மே மாதம் ஐபிஓ விட்டது. பங்கு 18 டாலர். 2004-ல் அதே நிறுவனம் பொதுமக்களிடமிருந்து அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கியபோது கொடுத்த விலை 3.05 டாலர். ஐபிஓ-வில் வாங்கிக் கடைசி வரை வைத்திருந்தவர் ஆறில் ஐந்து பங்கை இழந்தார்.

வால்மார்ட் 2000 ஜனவரியில் ஆக்செல் பார்ட்னர்ஸுடன் சேர்ந்து, கலிஃபோர்னியாவில் வால்மார்ட் டாட் காமைத் தனி நிறுவனமாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பங்கைத் திரும்ப வாங்கித் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. கேமார்ட் 'புளூலைட் டாட் காம்' என்று சாஃப்ட்பேங்க் பணத்துடன் தனிக் கம்பெனி நடத்தியது. அதையும் 2001-ல் திரும்ப வாங்கியது. 2002 ஜனவரியில் கேமார்ட்டே திவால் பாதுகாப்பு கோரியது.

போர்டர்ஸ் புத்தகக் கடை இன்னும் ஒரு படி மேலே போய், 2001-ல் தன் ஆன்லைன் விற்பனையை அமேசானிடமே ஒப்படைத்தது. 2008-ல்தான் திரும்ப எடுத்தது. அதற்குள் வாடிக்கையாளர்கள் அமேசானுக்குப் பழகிவிட்டார்கள். 2011-ல் போர்டர்ஸ் இல்லை.

போர்டர்ஸ் விஷயத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. இந்த விவாதம் முழுவதற்கும் அது ஒரு பாடம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத நிறுவனத்தை அந்த மாநில அரசு விற்பனை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது. வெப்சைட்டைத் தனிக் கம்பெனியாக வைத்தால் 'எங்களுக்கு இங்கே கடையே இல்லை' என்று சொல்லி வரி இல்லாமல் விற்கலாம். போர்டர்ஸ் ஆன்லைன் கலிஃபோர்னியாவில் அதைத்தான் சொன்னது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆன்லைனில் வாங்கிய புத்தகத்தை போர்டர்ஸ் கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் அந்தக் கடை உங்கள் ஏஜென்ட்தான், வரியைக் கட்டுங்கள் என்றது.

பேப்பரில் இரண்டு கம்பெனி. ரிட்டர்ன் கவுன்ட்டரில் ஒரே கம்பெனி. நீதிமன்றத்துக்குப் புரிந்த இந்த விஷயம், 16 வருஷம் கழித்து வந்த கடிதங்களில் காணாமல் போயிருந்தது.

பிரித்தவர்கள் இன்று எங்கே?

சாக்ஸ் ஆன்லைன் ஐபிஓ போகப் போகிறது, 600 கோடி டாலர் மதிப்பு கிடைக்கலாம் என்று 2021 அக்டோபரில் பேச்சு அடிபட்டது. ஐபிஓ வரவே இல்லை. 2022-ல் வட்டி விகிதம் ஏறியது, டெக் பங்குகள் விழுந்தன, நஷ்டத்தில் வளரும் ஆன்லைன் கம்பெனிகளுக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்க ஆள் இல்லாமல் போனது.

2024 ஜூலையில் எச்பிசி இன்னொரு ஆடம்பரக் கடையான நீமன் மார்கஸை 265 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. டிசம்பரில் அது முடிந்தபோது, சாக்ஸ் கடைகள், சாக்ஸ் ஆன்லைன், நீமன் மார்கஸ் எல்லாம் 'சாக்ஸ் குளோபல்' என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. பிரித்ததை ஓசையில்லாமல் திரும்ப ஒட்டினார்கள். கூடவே தலையில் ஏறியது சுமார் 220 கோடி டாலர் கடன் பத்திரம்.

2025 பிப்ரவரியில், சரக்கு கொடுப்பவர்களுக்கு இனி 90 நாள் கழித்துத்தான் பணம், பழைய பாக்கியை ஜூலை முதல் 12 தவணையாகத் தருகிறோம் என்று சாக்ஸ் குளோபல் சொன்னது. கடை நடத்தும் யாரையும் கேட்டுப் பாருங்கள்: சப்ளையருக்குப் பணம் போகாத கடையில் அலமாரி காலியாகும், அலமாரி காலியான கடைக்கு ஆள் வர மாட்டார்கள். 2026 ஜனவரியில் சாக்ஸ் குளோபல் சாப்டர் 11 திவால் பாதுகாப்பு கோரியது.

கனடா கதை இன்னும் சோகம். 1670-ல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே, 2025 மார்ச்சில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஜூன் 1-ம் தேதி கடைசிக் கடையின் ஷட்டரும் இறங்கியது. 8,000-க்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வீழ்ச்சிக்கெல்லாம் ஆன்லைனைப் பிரித்தது மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். கடன் சுமை, கடைகளில் தேவையான முதலீடு செய்யாதது, மாறிப்போன வாடிக்கையாளர் எல்லாம் சேர்ந்து இழுத்தன. அதேபோல, பிரிக்க மறுத்ததால் மேசிஸ் சொர்க்கத்துக்குப் போய்விடவும் இல்லை. 2024 பிப்ரவரியில் அது சுமார் 150 கடைகளை மூடுவதாக அறிவித்தது. அந்த ஆண்டு விற்பனை சுமார் 2,230 கோடி டாலராக இறங்கியது. கோல்ஸும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். பிரிப்பு எந்த நோய்க்கு மருந்தாகச் சொல்லப்பட்டதோ, அந்த நோய் ஆறவில்லை. எச்பிசிக்கு அது முன்கூட்டிக் கொஞ்சம் பணத்தையும் பேப்பரில் ஒரு பெரிய எண்ணையும் கொடுத்தது. கடையின் அடிப்படைப் பிரச்சினை அப்படியே இருந்தது.

மறுபக்கம் வால்மார்ட்டைப் பாருங்கள். 2001-ல் வெப்சைட்டை வீட்டுக்குள் திரும்ப அழைத்த அதே வால்மார்ட், 2025 மே மாதம், அமெரிக்காவிலும் உலக அளவிலும் தன் ஆன்லைன் வியாபாரம் முதல் முறையாக ஒரு காலாண்டில் லாபம் பார்த்ததாக அறிவித்தது. பக்கத்துக் கடையிலிருந்தே டெலிவரி, அதே தளத்தில் விளம்பர வருமானம், மெம்பர்ஷிப் கட்டணம். எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நின்றதால் வந்த லாபம் அது. அதற்கு இருபது வருஷத்துக்கும் மேல் ஆனது. இரண்டு வருஷத்தில் பங்கை விற்றுவிட்டுப் போக நினைப்பவருக்கு இந்தப் பொறுமை கட்டுப்படியாகாது.

உங்கள் டிமேட்டில் இப்படி ஒன்று வந்தால்?

இந்தியாவிலும் டிமெர்ஜர் சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது. 'வேல்யூ அன்லாக்' என்ற சொல்லைத் தினம் ஒரு யூடியூப் சேனலில் கேட்கிறோம். பிரிப்பு என்றாலே கெட்டது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. நீங்கள் பங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனி பிரிகிறது என்ற செய்தி வந்தால், பங்கு விலையைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, வாடிக்கையாளர் ஒருவரா, இருவரா? இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனி வாடிக்கையாளர் இருந்தால் பிரிப்பதில் பெரிய வலி இல்லை. ஒரே ஆள்தான் இரண்டு பக்கமும் வருகிறார் என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

இரண்டு, செலவு எந்தப் பக்கம் போகிறது? பளபளப்பான பகுதி லாபமாகத் தெரிவதற்காக, வாடகையும் சம்பளமும் பழைய பகுதியின் தலையில் கட்டப்படுகிறதா? இரண்டு பகுதிகளுக்கும் இடையே போடும் ஒப்பந்தத்தில்தான் இதற்குப் பதில் இருக்கும். பெரும்பாலானோர் படிக்காத பக்கம் அது.

மூன்று, கடன் யாரிடம் தங்குகிறது? வளரும் பகுதியைக் கடன் இல்லாமல் அனுப்பிவிட்டு, தேயும் பகுதியில் கடனை வைத்தால், இரண்டாவது கம்பெனியின் ஊழியருக்கும் சப்ளையருக்கும் காத்திருப்பது என்ன என்று ஊகிக்கலாம்.

நான்கு, பிரிக்கச் சொல்பவர் எத்தனை வருஷம் தங்கப் போகிறார்? அவர் விற்றுவிட்டுக் கிளம்பிய பிறகும் நீங்கள் அந்தப் பங்கை வைத்திருப்பீர்கள் என்றால், அவருடைய கணக்கும் உங்களுடைய கணக்கும் ஒன்றல்ல.

ஒரு கம்பெனியின் இரண்டு பகுதிகளைத் தனித்தனியாக விலை போட்டுக் கூட்டினால் மொத்தம் கூடுகிறது என்று யாராவது காட்டினால், பெருக்கிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எந்தச் செலவை விட்டுவிட்டுப் பெருக்கினார்கள் என்று தேடுங்கள். மேசிஸ் விஷயத்தில் அது ஒளிந்திருந்த இடம் ரிட்டர்ன் கவுன்ட்டர்.

அடுத்த முறை ஆப்பில் வாங்கியதைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆன்லைன் கம்பெனியின் 'மதிப்பு' என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதியை அவர்தான் நின்றுகொண்டே உண்டாக்குகிறார். அவர் சம்பளம் எந்தக் கம்பெனியின் கணக்கில் எழுதப்படுகிறது என்று கேட்காத எந்த முதலீட்டுக் கணக்கும் முழுமையானது அல்ல.